2021-இல் அமைத்த டூம் இமேக்ஸ், 29.3-க்கு வந்த பாடு

என் மடிக்கணினியின் இயங்குதளமான உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறிய வேலை சிக்கல் இல்லாமல் முடிந்துவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து, நான் எழுதப் பயன்படுத்தும் இமேக்ஸ் என்ற எடிட்டரும் 27.1-இலிருந்து 29.3-க்குத் தாவிவிட்டது. வினை அங்கேதான் வந்தது. டூம் என்பது இமேக்ஸுக்குத் தயாராகக் கிடைக்கும் ஒரு அமைப்புத் தொகுப்பு. என்னுடைய டூம் இமேக்ஸ் 2021-இல் அமைத்தது. நன்றாக ஓடுகிறதே, எதற்குக் கை வைப்பது என்று அதற்குப் பிறகு ஒரு முறைகூட அப்டேட் செய்யவில்லை. சனிக்கிழமை காலை இமேக்ஸைத் திறந்தால் பிழைச் செய்திகள் மட்டும்தான் வந்தன. மறுபடி ஒழுங்காக ஒரு வரி அடித்தது ஞாயிறு இரவு ஒன்பதரை மணிக்கு. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் டெமோ. அதற்கான குறிப்பு மொத்தமும், இமேக்ஸில் குறிப்பும் பணிப்பட்டியலும் எழுதும் ஆர்க் மோடில் இருந்தது. இதே நிலையில் இருக்கிற ஒருவருக்காவது அந்த இரண்டு நாள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பிழைக்குக் காரணம் எளிது. டூம் தன் பேக்கேஜ்களை, அதாவது இமேக்ஸோடு சேரும் கூடுதல் நிரல்களை, இமேக்ஸ் பதிப்பு எண்ணோடு சேர்த்து தனி ஃபோல்டரில் கட்டி வைக்கும். என்னிடம் இருந்தது 27.1-க்குக் கட்டியது. 29.3 தேடுவது வேறு ஃபோல்டரை. டூமும் பழையது, ஆகவே எல்லாவற்றையும் சேர்த்தே புதுப்பித்துவிடலாம் என்று 'டூம் அப்கிரேடு' கொடுத்தேன். டூமின் சொந்த ஃபைல்கள் மாற்றப்பட்டிருப்பதால் அப்கிரேடு செய்ய மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், என்ன மாறியது என்று டிஃப் எடுத்துப் பார்த்தால் ஒரே ஒரு வரி. எப்போதோ ஒரு அவசரத்தில், என் கான்ஃபிக் ஃபைலில் எழுத வேண்டியதை டூமின் ஃபோல்டருக்குள்ளேயே திருத்தியிருக்கிறேன். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் மாற்றங்கள் எல்லாம் உங்கள் டூம் ஃபோல்டரில் இருக்கிற மூன்று ஃபைல்களில்தான் இருக்க வேண்டும்: இனிட், கான்ஃபிக், பேக்கேஜஸ்.

சரி, புதிதாகவே இறக்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். வீட்டு டைரக்டரியில் பழைய டூம் இருந்த 'டாட் இமேக்ஸ் டாட் டி' ஃபோல்டருக்குப் பெயரை மாற்றி ஓரமாக வைத்தேன். இடையில் ஒரு குறிப்பு பார்க்க வேண்டியிருந்தது, வெறும் இமேக்ஸை ஒரு முறை திறந்து மூடினேன். அப்புறம் புதிய டூமை, இப்போது எல்லோரும் வைக்கிற இடமான 'டாட் கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் இறக்கி 'டூம் இன்ஸ்டால்' கொடுத்தேன்.

நடுவில் போன் ஹாட்ஸ்பாட் ஒரு தடவை அறுந்தது. என் பேக்கேஜ் பட்டியலுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ரெப்போக்கள் (பேக்கேஜ்களின் மூல ஃபோல்டர்கள்) இறங்க வேண்டும், பாதியில் அறுந்தால் ஒன்று அரைகுறையாக நின்றுவிடும். எந்த ரெப்போவின் பெயரைச் சொல்லிப் பிழை வருகிறதோ, அந்த ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு, விட்டதை இறக்கிச் சேர்க்கும் 'டூம் சிங்க்' கட்டளையைக் கொடுத்தால் போதும். முழுவதையும் முதலிலிருந்து இறக்கத் தேவையில்லை.

இன்ஸ்டால் பிழையில்லாமல் முடிந்தது. இமேக்ஸைத் திறந்தேன். வெள்ளைப் பின்னணி, மேலே கருவிப்பட்டை, நடுவில் அந்த வரவேற்புப் பக்கம். டூமின் சுவடே இல்லை. மறுபடி சிங்க், மறுபடி திறப்பு, மறுபடி அதே வெள்ளைத் திரை. கோளாறு தேடும் கட்டளையான டூம் டாக்டரை ஓட்டினேன், எனக்கு நோய் பிடிபடவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம். மூன்று மணி நேரம் போன பிறகு, முந்தைய வேலையில் என்னோடு இருந்த ஒரு அண்ணனைக் கூப்பிட்டேன். பல வருட இமேக்ஸ்காரர்.

"அண்ணா, இன்ஸ்டால் எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுது. திறந்தா வெறும் இமேக்ஸ்தான் வருது."

"ஹோம் டைரக்டரியில புள்ளி வெச்ச பேரையும் சேத்து லிஸ்ட் எடு. பழைய பேர்ல ஏதாவது நிக்குதா பாரு."

நின்றது. நான் பெயர் மாற்றி வைத்த அதே 'டாட் இமேக்ஸ் டாட் டி', புதிதாக, கிட்டத்தட்ட காலியாக. உள்ளே நேட்டிவ் கம்பைல் செய்ததை, அதாவது வேகத்துக்காக இயந்திரக் குறியீடாக மாற்றியதை, சேமிக்கும் ஒரு கேஷ் ஃபோல்டர் மட்டும். நடுவில் வெறும் இமேக்ஸைத் திறந்தேனே, அப்போது அதுவே உருவாக்கிக்கொண்டது. விதி இதுதான்: 'டாட் கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் பார்க்கும் வழக்கம் 27-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. ஆனால் வீட்டு டைரக்டரியில் 'டாட் இமேக்ஸ்' என்ற ஃபைலோ, 'டாட் இமேக்ஸ் டாட் டி' என்ற ஃபோல்டரோ இருந்தால் அதற்குத்தான் முதல் உரிமை, அது காலியாக இருந்தாலும்கூட. அழித்தேன். டூம் எழுந்து வந்தது. போனிலேயே அண்ணனுக்கு மூன்று தடவை நன்றி சொன்னேன்.

அடுத்து பழைய அமைப்புகளை மாற்றுவது. இங்கே நான் சரியாகச் செய்தது ஒன்று உண்டு. என் பழைய இனிட் ஃபைலை அப்படியே கொண்டுவந்து வைக்கவில்லை. டூமோடு வரும் புதிய மாதிரி இனிட் ஃபைலை எடுத்துக்கொண்டு, பழையதை, ஃபைல்களை ஒப்பிட்டுக் காட்டும் எடிஃபில் பக்கத்தில் வைத்து, மாட்யூல் மாட்யூலாக (ஒவ்வொரு வசதிக்கும் டூமில் ஒரு மாட்யூல்) திறந்துவிட்டேன். சில பெயர்கள் மாறியிருந்தன, சில மாட்யூல்கள் புதிதாக வந்திருந்தன. மாட்யூல் இருக்கிறதா என்று கேட்க நான் பயன்படுத்திய 'ஃபீச்சர்பி' இப்போது 'மாட்யூல்பி'. தேர்வுப் பட்டியல் காட்டும் ஐவியை விட்டு, அதே வேலை செய்யும் வெர்டிகோவுக்கும் அப்போதே மாறிவிட்டேன். விரல் பழக்கத்துக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை.

பேக்கேஜஸ் ஃபைலில்தான் மாட்டிக்கொண்டேன். இமேக்ஸுக்குள்ளிருந்தே கிட்டைக் கையாளும் மேகிட்டைத் திறந்தால், ஏதோ ஒரு டிரான்சியன்ட் ஃபங்ஷன் வரையறுக்கப்படவில்லை என்று பிழை. மேகிட்டின் மெனுக்களை வரைவது டிரான்சியன்ட் என்ற தனி பேக்கேஜ். அது புதிதாக வந்திருக்கிறது, மேகிட் மட்டும் 2021-இல் நிற்கிறது. காரணம் நான் போட்ட ஒரு 'பின்' (pin). அப்போது ஏதோ ஒரு கோளாறைத் தவிர்க்க, மேகிட்டை ஒரு குறிப்பிட்ட கமிட்டில், அதாவது கிட்டில் பதிந்த ஒரு பழைய நிலையில், கட்டிப்போட்டிருக்கிறேன், எதற்கு என்று பக்கத்தில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அந்த வரியை எடுத்து, சிங்க் செய்ததும் மேகிட் வந்துவிட்டது. உங்கள் பேக்கேஜஸ் ஃபைலில் 'பின்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். அப்டேட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

சனிக்கிழமை அதோடு போயிற்று. நேட்டிவ் கம்பைலேஷன் பின்னணியில் ஓடி மடிக்கணினி கொதித்துக்கொண்டிருந்தது. முதல் தடவை அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், ஓடவிடுங்கள்.

ஞாயிறு காலை ஆர்க் ஃபைலைத் திறந்தால் தமிழ் எழுத்துகள் வேறு முகத்தோடு நின்றன. வரி உயரம் வரிக்கு வரி மாறியது. தலைப்பில் இருந்த 'கொள்முதல்' மட்டும் துருத்திக்கொண்டு, அடுத்த வரியை ஒரு விரற்கடை கீழே தள்ளியிருந்தது. எழுத்துகள் உடையவில்லை. எழுத்துகளுக்கு வடிவம் தரும் ஹார்ஃப்பஸ் இமேக்ஸ் 27-இல் வந்ததிலிருந்தே தமிழ் ஒழுங்காகத்தான் கோத்து வருகிறது. இது ஃபான்ட் பிரச்சினை மட்டும். முன்பு தமிழுக்கும் சேர்த்து நான் நம்பியிருந்த 'டூம் யூனிகோட் ஃபான்ட்' அமைப்பு இப்போது 'டூம் சிம்பல் ஃபான்ட்' என்று மாறி, குறியீடுகளுக்கானதாகிவிட்டது. தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதையும் கான்ஃபிக் ஃபைலில் வெறுமனே எழுதினால் நிற்கவில்லை, டூம் பின்னால் வந்து தன் ஃபான்ட்டுகளை அமைத்துக்கொள்கிறது. ஃபான்ட் அமைத்து முடித்த பிறகு ஓடும் 'ஆஃப்டர் செட்டிங் ஃபான்ட்' ஹுக்கில் அந்த வரியைச் சேர்த்தேன். 'கொள்முதல்' தன் வரிக்குள் அடங்கியது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

கடைசிச் சிக்கல்தான் மிக நீண்டது. ஆர்க் ஃபைல்களில் இருக்கும் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் அஜெண்டாவைத் திறந்தால், இந்த ஃபைல் இல்லையே, பட்டியலிலிருந்து நீக்கவா, நிறுத்தவா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அது பழைய மடிக்கணினியில் இருந்த பாதை. கான்ஃபிக் ஃபைலில் சரியான பாதையை எழுதினேன், மறுதொடக்கம் செய்தேன், மறுபடி அதே கேள்வி. மாலை வரை கான்ஃபிக் ஃபைலையே வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். குற்றம் அதில் இல்லை, பக்கத்தில் இருந்த கஸ்டம் ஃபைலில். அஜெண்டாவில் ஒரு ஃபைலைச் சேர்க்கும் குறுக்குவிசையை அழுத்தினால், ஆர்க் அந்தப் பட்டியலைக் கஸ்டம் ஃபைலில் எழுதி வைக்கும். டூம் அந்த ஃபைலை என் கான்ஃபிக்குக்குப் பிறகுதான் படிக்கும். ஆகவே நான் எழுதியதை ஒவ்வொரு முறையும் அது அழித்து எழுதிக்கொண்டிருந்தது. கஸ்டம் ஃபைலில் தேவையான இரண்டு வரிகளைக் கான்ஃபிக்குக்கு நகர்த்திவிட்டு, மீதியைக் காலி செய்தேன். ஒன்பதரை மணிக்கு அஜெண்டா திறந்தது. திங்கள் காலை பத்து மணி, டெமோ, மேலேயே நின்றது.

இப்போது ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். இமேக்ஸ் 29-இல் எந்த ஃபோல்டரிலிருந்து தொடங்க வேண்டும் என்று கட்டளையிலேயே சொல்ல 'இனிட் டைரக்டரி' என்ற தேர்வு இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பைத் தொடாமல், புதிய டூமைப் பக்கத்தில் வைத்துச் சோதித்திருக்கலாம். அதற்குத் தகுந்தாற்போல் டூம் ஃபோல்டரின் ஒரு நகலையும் தனியாகக் காட்ட வேண்டும். நீங்கள் அப்படித் தொடங்குங்கள். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் (Node.js) பதிப்பு மாறியிருந்தால், நிரல்கள் இருக்கும் பாதைகளைப் பதிந்து வைக்கும் 'டூம் என்வ்' கட்டளையையும் மறுபடி ஓட்டுங்கள், இல்லையென்றால் கோடு எழுத உதவும் எல்எஸ்பி சர்வர் கிடைக்கவில்லை என்று அது ஒரு தனி அரை மணி நேரம் தின்னும்.

சொற்களை நிரப்பித் தரும் 'கம்பெனி' பேக்கேஜை விட்டு, அதே வேலை செய்யும் கார்ஃபுவுக்கு மாறும் வேலை பாக்கி இருக்கிறது. அதை டெமோவுக்குப் பிறகு வைத்துக்கொண்டேன். பெயர் மாற்றி வைத்த பழைய ஃபோல்டரையும் இன்னும் அழிக்கவில்லை, ஒரு மாதம் இருக்கட்டும்.