நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு மோரும் புளித்த தீவனமும்: ஐந்தாவது பேட்ச் வரை

முதல் பேட்ச்சில் 40 குஞ்சுகள் விட்டேன், பத்தாம் நாள் எண்ணும்போது 29 இருந்தது. செத்ததில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி. பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொள்ளும், இறக்கையைத் தொங்கப்போட்டு பல்புக்கு அடியில் கண்ணை மூடி நிற்கும், காலையில் விறைத்துக் கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டதில் சில பிழைத்தன. பெருந்துறைப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கொட்டகை, வேலைக்குப் போய்க்கொண்டே வளர்க்கிறேன், இதில் சம்பாதித்து ஆகவேண்டும் என்று இல்லை. ஆனாலும் விடிந்ததும் மண்வெட்டியோடு குழி தோண்டப் போவது மனசுக்கு ஒப்பவில்லை.

கடையில் சொன்னதும் ஒரு பாக்கெட் புரோபயாடிக் பவுடர், அதாவது குடலுக்கு நல்ல கிருமிகள் அடங்கியது, கொடுத்தார்கள், தண்ணீரில் கலந்து ஐந்து நாள் கொடுக்கச் சொல்லி. லேக்டோபேசில்லஸ், பேசில்லஸ் சப்டிலிஸ், ஈஸ்ட், எம்.ஓ.எஸ். என்று வரிசையாக எழுதியிருந்தது. கொடுத்தேன், ஒரு மாற்றமும் இல்லை, பவுடரையே திட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் கழித்துத் தொட்டி கழுவும்போதுதான் உறைத்தது. நான் மேல்தொட்டியில் வாரம் தவறாமல் பிளீச்சிங் பவுடர் போடுகிறவன், அந்தத் தண்ணீரில்தான் இதைக் கலந்திருக்கிறேன். போதாததற்கு அதே நாட்களில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஆன்டிபயாடிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து உயிருள்ள கிருமியை வாங்கி, அதைக் கொன்று குஞ்சுக்கு ஊற்றியிருக்கிறேன். இத்தனைக்கும் லசோட்டா என்ற வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும்போது பிளீச்சிங் கலக்காத தண்ணீர் எடுத்துப் பால் பவுடர் போட்டுக் கலக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அந்தப் புத்தி இங்கே வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் அடைப்பதற்குக் குளிரும் ஒரு காரணம். முதல் வாரம் புரூடருக்குள், அதாவது குஞ்சுக்குப் பல்பு போட்டுச் சூடு கொடுக்கும் தடுப்புக்குள், 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், நான் அப்போது தெர்மாமீட்டரே வைக்கவில்லை. அதனால் அந்த 11 உயிரையும் குடல் கணக்கிலேயே எழுதிவிட முடியாது.

இரண்டாவது பேட்ச்சில் ஒரு பெட்டைக்கோழி தானாக அடைக்கு உட்கார்ந்தது. 12 முட்டை வைத்ததில் 10 பொரித்தது. அதே வாரம் இன்குபேட்டரில் 35 குஞ்சு. தாயோடு போனதில் ஒன்றைப் பருந்து தூக்கியதோடு சரி, மற்ற ஒன்பதும் திமிறிக்கொண்டு திரிந்தன, புரூடரில்தான் வழக்கம்போல இழப்பு. ஒரு நாள் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் குஞ்சு, தாய் அப்போதுதான் போட்ட எச்சத்தைக் கொத்துகிறது. நான் கையை வீசி விரட்ட, திண்ணையில் இருந்து அம்மிச்சி, "அதை ஏஞ்சாமி வெரட்டற, திங்கட்டும் உடு" என்றது.

அம்மிச்சி சொன்னது சும்மா இல்லை. முட்டையை விட்டு வரும்போது குஞ்சின் குடலில் கிருமி என்று பெரிதாக எதுவும் கிடையாது, தாயின் எச்சத்திலிருந்தும் சுற்றியுள்ள மண்ணிலிருந்தும்தான் ஏற வேண்டும். இன்குபேட்டர் குஞ்சுக்குத் தாய் ஏது? ஃபின்லாந்தில் 1971இல் கறிக்கோழிகளில் சால்மொனெல்லா பரவியதை வைத்து நூர்மி, ரண்டாலா என்ற இருவர் 1973இல் எழுதியதும் இதைத்தான். வளர்ந்த கோழியின் குடலில் இருப்பதை எடுத்துக் குஞ்சுக்கு முதலிலேயே கொடுத்துவிட்டால், பிறகு வரும் சால்மொனெல்லாவுக்கு ஒட்ட இடம் கிடைப்பதில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற கதைதான், யார் முதலில் ஏறுகிறார்கள் என்பதுதான் விஷயம். நான் பவுடரை ஆறாம் நாள், பஸ் நிரம்பிய பிறகு கொடுத்திருக்கிறேன்.

பெரிய கோழிக்கு அடியில் பரப்பிய கூளத்தில் ஒரு கை அள்ளிப் புரூடரில் போட்டால் என்ன என்று தோன்றியது. கால்நடை மருத்துவர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார், நல்லதோடு சேர்ந்து இரத்தக் கழிச்சலும் வந்துவிடுமாம். சரி என்று மோருக்கு வந்தேன்.

மூன்றாவது பேட்ச், ஒரே நாளில் பொரித்த 60 குஞ்சு. நடுவில் தகரம் அடித்து 30, 30 ஆகப் பிரித்தேன். ஒரு பக்கம் வெறும் தண்ணீர், கடைத் தீவனம். மறுபக்கம் முதல் நாளிலிருந்தே, கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கரண்டி உப்புப் போடாத புளித்த மோர். உப்புப் போடாத என்பதை அழுத்திச் சொல்கிறேன், குஞ்சுக்கு உப்பு கூடினால் விஷம், எங்கள் வீட்டு மோரில் உப்பும் பெருங்காயமும் முதலிலேயே விழுந்துவிடும் என்பதால் தனிச் சொம்பு வைத்தேன். பாலாகக் கொடுக்கக் கூடாது, கோழிக்கு லாக்டோஸ் சரியாகச் செரிக்காது, கழியும். மோர்த் தண்ணீர் மூன்று மணி நேரம்தான், அப்புறம் டிரிங்கரைக் கழுவி வெறும் தண்ணீர். விட்டுவைத்தால் விளிம்பெல்லாம் வழவழவென்று பிடித்துக்கொள்கிறது.

அந்தப் பக்கத் தீவனத்தில் எம்.ஓ.எஸ். பவுடரும் சேர்த்தேன். இது உயிருள்ள பொருள் இல்லை, ஈஸ்ட்டின் தோல். ஈ.கோலை, சால்மொனெல்லா போன்றவை குடல் சுவரில் உள்ள மேன்னோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துத்தான் ஒட்டுகின்றன, ஈஸ்ட் தோலிலும் அதே சர்க்கரை இருப்பதால் ஏமாந்து அதைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியே போய்விடுகின்றன. நல்ல கிருமிக்கு இரை போடுவதற்கு வாரம் இரண்டு நாள் சின்ன வெங்காயம், 30 குஞ்சுக்கும் சேர்த்து நாலைந்து, பொடிப்பொடியாக அரிந்து. கோழியால் செரிக்க முடியாத ஒரு வகைச் சர்க்கரை அதில் இருக்கிறது, குடல் கடைசியில் இரண்டு பை மாதிரி இருக்குமே, அங்கே போய்த்தான் கரையும். நல்லது என்று அள்ளிப் போட்டுவிடாதீர்கள், வெங்காயம் கூடினால் இரத்தத்தைக் கெடுக்கும்.

இரண்டாவது வாரத்திலிருந்து புளித்த தீவனம். ஒரு கிலோ தீவனத்துக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், ஒரு கரண்டி மோர், பிளாஸ்டிக் பக்கெட், மேலே துணி. எங்கள் ஊர் வெயிலுக்கு ஒன்றரை நாள் போதும். கையை விட்டுக் கிளறினால் சின்னச் சின்னக் குமிழி உடையும், இட்லி மாவு வாசனை வரும், அப்போது பதம். அழுகல் வாடை வந்தாலும் பச்சையாகப் பூத்தாலும் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். நான் ஒரு ஞாயிறு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திங்கள் வந்து திறந்தபோது 6 கிலோ போச்சு. மேலாகப் பூத்ததை வழித்துவிட்டுப் போடலாமா என்று ஒரு நிமிடம் சபலம் வந்தது உண்மை.

எட்டு வாரம் முடிந்ததும் தராசு வைத்தேன். மோர்ப் பக்கம் இழப்பு 2, சராசரி எடை 610 கிராம். வெறும் பக்கம் இழப்பு 4, எடை 570. இந்த 40 கிராமை வைத்துப் பெருமை பேச மாட்டேன், மோர்ப் பக்கம் சுவரை ஒட்டியிருந்தது, காற்று குறைவு, கதகதப்பு அதிகம். அதுவே காரணமாக இருக்கலாம். சந்தேகமில்லாமல் தெரிந்தது கூளம்தான். வெறும் பக்கத்தில் குனிந்தால் கண் எரியும், மோர்ப் பக்கத்தில் கூளமாகப் பரப்பிய கடலை ஓடு உதிரியாகவே கிடந்தது. எச்சம் கெட்டியாக, நுனியில் வெள்ளைத் தொப்பியோடு. நடுநடுவே கருப்பட்டிப் பாகு மாதிரி நாற்றத்தோடு ஒன்று விழும், அதைப் பார்த்து முதலில் கழிச்சல் என்று பயந்து மருத்துவருக்குப் போன் செய்துவிட்டேன். அது அந்த இரண்டு பைகளிலிருந்து வருவது, பத்துக்கு ஒன்று அப்படித்தான் இருக்கும் என்று சிரித்தார்.

இதில் தலைக்கேறிப் போய் நான்காவது பேட்ச்சில் அடி வாங்கினேன். ஐப்பசி மழை, நான்காவது வாரம், எச்சத்தில் இரத்தம். குடல்தான் பலமாயிற்றே என்று இரண்டு நாள் மோரைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தேன், 5 குஞ்சு போன பிறகுதான் இரத்தக் கழிச்சலுக்கான மருந்து ஆம்ப்ரோலியம் வாங்க ஓடினேன். இரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும் ஒட்டுண்ணி ஈரத்திலும் கதகதப்பிலும்தான் முற்றி அடுத்த குஞ்சுக்குத் தொற்றத் தயாராகிறது. அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மழைச்சாரல் கொஞ்சம், மிச்சமெல்லாம் நான் அளவில்லாமல் வைத்த புளித்த தீவனம் சிந்தியதும் மோர் டிரிங்கர் ஒழுகியதும். எது வரக்கூடாது என்று இதெல்லாம் செய்தேனோ அதற்கு நானே வழி வெட்டியிருக்கிறேன். வெள்ளைக் கழிச்சலுக்கும் இதே கதைதான், ஏழாம் நாள் சொட்டு மருந்து விட்டே ஆக வேண்டும், மோர் காப்பாற்றாது.

இப்போது ஐந்தாவது பேட்ச், 46 குஞ்சு, இன்று 19ஆம் நாள். போனது 1, அதுவும் தண்ணீரில் விழுந்து. மோர் முதல் ஐந்து நாளோடு நிறுத்தியாச்சு, அப்புறம் தடுப்பு மருந்து மாதிரி ஏதாவது கொடுத்த மறுநாள் மட்டும். புளித்த தீவனம் காலையில் ஒரு வேளை, அரை மணி நேரத்தில் தின்று தீர்க்கிற அளவு, மிச்சத்தை எடுத்துவிடுகிறேன். டிரிங்கருக்கு அடியில் செங்கல் வைத்து, சுற்றிலும் நனைந்த கூளத்தைச் சாயங்காலம் அள்ளிவிடுகிறேன். தகரத் தடுப்பு இந்த முறையும் உண்டு, ஆனால் பக்கத்தை மாற்றிவிட்டேன், மோர்க் குஞ்சுகள் இப்போது காற்றடிக்கும் பக்கம். எட்டாவது வாரம் தராசை எடுக்கணும்.