ரீக் மலையில் ஒரு மடிப்பிச்சை

“அடுத்த மாதம் அயர்லாந்தில் ஒரு மலை ஏறப் போகிறேன். கடைசி நாட்களில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் ஒன்றுக்கு நிதி திரட்டுகிறோம். முடிந்ததைத் தாருங்கள்” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் பதில் திருச்சி சித்தப்பாவிடமிருந்து வந்தது.

“நீ மலை ஏறுறதுக்கு நாங்க ஏம்மா காசு தரணும்? அங்க என்ன, சுமை தூக்குற வேலையா?”

நியாயமான கேள்விதான். டப்ளினுக்கு வந்த புதிதில் எனக்கும் இது பிடிபடவில்லை. இங்கே யாராவது ஒருவர் எதையாவது செய்து நிதி திரட்டிக்கொண்டே இருப்பார். ஒருவர் மாரத்தான் ஓடுவார், இன்னொருவர் தலையை மொட்டை அடித்துக்கொள்வார், வேறொருவர் கிறிஸ்துமஸ் அன்று காலையில் குளிர்ந்த கடலில் குதிப்பார். நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் எப்போதும் ஒரு ஸ்பான்சர் அட்டை கிடக்கும். பெயர், தொகை, கையெழுத்து என்று மூன்று கட்டங்கள். நல்ல காரியத்துக்குக் கொடுப்பதென்றால் நேராகக் கொடுத்துவிட்டுப் போகலாமே, நடுவில் ஒரு ஆள் எதற்காகக் கஷ்டப்பட வேண்டும் என்று தோன்றும்.

சித்தப்பாவுக்கு அம்மா பதில் சொல்லிவிட்டார். “திருப்பதிக்கு வேண்டிக்கிட்டு வீடு வீடா மடிப்பிச்சை எடுக்குறது இல்லையா? வசதி இல்லாமலா எடுக்குறாங்க? நாலு பேர் கைபட்டு வந்தாத்தான் அது வேண்டுதல். உங்க அம்மா மஞ்சப் புடவை கட்டிக்கிட்டு எடுத்தப்ப நீங்கதானே சொம்பு பிடிச்சிட்டுப் போனீங்க?” அதற்கப்புறம் குழுவில் சத்தமே இல்லை. சாயங்காலம் சித்தப்பா கணக்கிலிருந்து 501 ரூபாய் வந்தது.

நாங்கள் ஏறியது க்ரோ பேட்ரிக். அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில், மேயோ மாவட்டத்தில், அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி நிற்கும் 764 மீட்டர் மலை. உள்ளூர்க்காரர்களுக்கு அது வெறும் ‘ரீக்’. அயர்லாந்துக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவராகப் போற்றப்படும் புனித பேட்ரிக், கி.பி. 441இல் தவக்காலத்தின் 40 நாட்களும் இதன் உச்சியில் உண்ணாநோன்பு இருந்தார் என்பது ஐதிகம். ஜூலை மாதக் கடைசி ஞாயிறு ‘ரீக் ஞாயிறு’. அன்று பல்லாயிரம் பேர் ஏறுவார்கள், அதில் சிலர் வெறுங்காலோடு. 1970கள் வரை இந்த யாத்திரை இரவில்தான் நடந்தது, ஆபத்து என்று பகலுக்கு மாற்றினார்கள். பேட்ரிக்குக்கு முன்னாலும் மலை சும்மா இருக்கவில்லை. கோடை முடிந்து அறுவடை தொடங்கும்போது கொண்டாடும் லூனசா என்ற பழைய திருவிழாவுக்கும் இந்த மலைக்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள். ரீக் ஞாயிறு அந்த நாளை ஒட்டியே வருவதைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. சாமி மாறினாலும் மலையும் தேதியும் மாறவில்லை.

என்னை இழுத்துவிட்டவர் என் சீனியர் நர்ஸ். மேயோக்காரர், அறுபதைத் தொடப் போகிறவர். அவருடைய கணவரின் கடைசி வாரங்கள் ஒரு ஹாஸ்பிஸில் கழிந்தன. இரவு இரண்டு மணிக்குப் போனாலும் டீ போட்டுக் கொடுத்த இடம் அது என்பார். அந்த ஹாஸ்பிஸுக்காக அவருடைய பங்குத் தேவாலயத்தில் ஒரு குழு ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் ரீக் ஏறுகிறது. பேருந்துக் கட்டணம் அவரவர் பையிலிருந்து. அட்டையில் சேர்வது ஒரு சென்ட் குறையாமல் ஹாஸ்பிஸுக்கு.

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. இப்போது கிளிமஞ்சாரோ ஏறி நிதி திரட்டுவதெல்லாம் ஒரு பெரிய ஏற்பாடாகிவிட்டது. குறைந்தது இவ்வளவு திரட்ட வேண்டும் என்று ஒரு தொகை வைப்பார்கள். சில ஏற்பாடுகளில் ஏறுகிறவரின் பயணச் செலவும் அதற்குள்ளேயே அடக்கம். கொடுத்த மாமிக்குத் தன் பணத்தில் ஒரு பகுதி தான்சானியா விமான டிக்கெட்டுக்குப் போனது தெரிந்தால் என்ன சொல்வார்? அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் மடிப்பிச்சை எடுத்த காசில் டிபன் சாப்பிட்டால் அது என்ன வேண்டுதல்?

குழுவின் பாதிரியாரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். “ஃபாதர், நான் இந்து. வரலாமா?”

“மழைக்கோட்டு இருக்கிறதா?” என்று திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான் நேர்காணல்.

விடிவதற்கு முன் டப்ளினில் கிளம்பி, லாங்ஃபோர்ட் தாண்டி, வெஸ்ட்போர்ட் ஊரைத் தொட்டபோது தூறல். அங்கிருந்து மலையடிவார மரிஸ்க் கிராமம் எட்டு கிலோமீட்டர் இருக்கும். பேருந்தில் பாதிப் பேர் ஜெபமாலை சொன்னார்கள், பாதிப் பேர் தூங்கினார்கள். கேரளத்து நர்ஸுகள் நான்கு பேர் இரண்டையும் செய்யாமல் வாழைக்காய் சிப்ஸ் பாக்கெட்டைச் சுற்றில் விட்டார்கள்.

அடிவாரத்தில் ஊன்றுகோல் விற்கிறார்கள். யோசிக்காமல் வாங்கிவிட வேண்டும். கொஞ்சம் ஏறியதும் பேட்ரிக்கின் வெள்ளைச் சிலை, 1928இல் வைத்தது. பக்கத்துப் பலகையில் யாத்திரை விதிகள். மூன்று ‘நிலையங்கள்’ உண்டு. முதலாவது, மேலே மலையின் உச்சிப் பகுதியான கூம்பு தொடங்கும் இடத்தில் உள்ள கற்குவியல். அதை ஏழு முறை சுற்றி ஏழு கர்த்தர் ஜெபம், ஏழு ‘அருள் நிறைந்த மரியே’, ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டும். இரண்டாவது உச்சி. அங்கே மண்டியிட்டு ஜெபித்து, சிற்றாலயத்தைப் பதினைந்து முறை சுற்ற வேண்டும். பேட்ரிக் படுத்த இடம் என்கிற படுக்கையை ஏழு முறை. மூன்றாவது மேற்குச் சரிவில், மூன்று கற்குவியல்கள், ஒவ்வொன்றையும் ஏழு முறை. பிரகாரம் சுற்றி வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வலமாகத்தானே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். வலம்தான்.

சிலையருகே சீனியர் நர்ஸ் பூட்ஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “பணம் மற்றவர்களுக்கு. இது எனக்கு.”

முதல் பாதி ஓடையை ஒட்டி ஏறுகிறது. கரிய சதுப்பு மண், ஈரக் கல், நடுநடுவே செம்மறியாடுகள். மூச்சு வாங்குமே தவிர பயம் இல்லை. மலைத்தோளுக்கு வந்ததும் காற்று பிடித்துத் தள்ளியது. எதிரே கூம்பு. சாம்பல் நிற குவார்ட்சைட் கற்கள் குவிந்து கிடக்கும் செங்குத்துச் சரிவு, இதைக் கண்டுதான் எல்லோரும் நடுங்குவார்கள். முன்பெல்லாம் ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்குமாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் ஏறி ஏறி மலையில் அகலமாக ஒரு தழும்பு விழுந்துவிட்டது. அதனால் சில ஆண்டுகளாக மலையின் சொந்தக் கற்களையே எடுத்து, சிமெண்ட் இல்லாமல், கையாலேயே படி அடுக்கியிருக்கிறார்கள். படி கட்டினால் தவத்தின் கடுமை போய்விடும் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. என் முழங்கால் அவர்கள் கட்சியில் இல்லை.

கூம்பில் பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு முன்னால் போன பதினைந்து வயதுப் பையன் படிக்கு ஒரு ஸ்பான்சர் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏறினான். பாட்டி இருபது யூரோ, பூட்ஸ் கடைக்காரர் ஐம்பது, கணக்கு டீச்சர் ஐந்து. “ஐந்துதானா?” என்றேன். “உச்சிக்குப் போனால் இன்னொரு ஐந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். என்மேல் நம்பிக்கை இல்லை” என்றான். அந்த அட்டையின் வேலை எனக்குச் சரியாக விளங்கியது அங்கேதான். பெயர் எழுதியவர்கள் எல்லோரும் முதுகில் ஏறிக்கொள்கிறார்கள். பாதியில் திரும்பினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தபடி ஐம்பது யூரோவைத் தட்டிவிட்டால் அந்தப் பாரம் இல்லை. சித்தப்பா சொன்ன சுமை வேலை உண்மையில் இதுதான் போலிருக்கிறது.

இப்படி ஏறியதில் நாடே அறிந்த ஏற்றம் ஒன்று உண்டு. சார்லி பேர்ட், பல பத்தாண்டுகள் ஆர்டிஇ தொலைக்காட்சியில் செய்தி சொன்னவர். 2021இல் அவருக்கு மோட்டார் நியூரான் நோய் என்று தெரியவந்தது. உடலின் தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் நோய் அது. செய்தி வாசித்த அந்தக் குரல் போய், தன் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து செய்த இயந்திரக் குரலில் பேசும் நிலை வந்தது. அந்த நிலையில் 2022 ஏப்ரல் 2ஆம் தேதி அவர் இந்த மலையை ஏறினார். அதே நாளில் நாடு முழுக்க மக்கள் தங்கள் பக்கத்து மலைகளில் ஏறினார்கள். சேர்ந்தது 30 லட்சம் யூரோவுக்கு மேல். பாதி அந்த நோயாளிகளுக்கான சங்கத்துக்கு, பாதி தற்கொலைத் தடுப்புக்காக உழைக்கும் பியெட்டாவுக்கு. 2024 மார்ச்சில் அவர் காலமானார். எங்கள் குழுவில் அவரைப் பற்றிப் பேசாதவர்களே இல்லை. அவர் பெரிய பக்திமானாகப் பேசிக்கொண்டவர் இல்லை. ஆனாலும் ஏற எந்த மலையைத் தேர்ந்தெடுத்தார் பாருங்கள்.

உச்சியில் சிறிய வெள்ளை ஆலயம். 1905இல் கட்டியது. 1990களில் இங்கே தோண்டியபோது, அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்திய கற்கோயில் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. இந்த உச்சி எப்போதும் கருணையாக இருந்ததில்லை. 1113இல் பேட்ரிக் திருநாள் இரவில் இங்கே நோன்பிருந்த முப்பது பேர் இடி விழுந்து இறந்ததாகப் பழைய ஆண்டுக் குறிப்புகளில் இருக்கிறது. 2015 ரீக் ஞாயிறு அன்று புயல் மாதிரி வானிலை, உச்சித் திருப்பலியையே ரத்து செய்தார்கள். அப்படியும் நூற்றுக்கணக்கானோர் ஏறினார்கள். எங்களுக்கு மேகம் மட்டும்தான். தெர்மாஸ் டீயும் கேரளத்து சிப்ஸும் ஒரு சுற்று வந்தன. மேகம் விலகியபோது கீழே க்ளூ விரிகுடா. நாளுக்கு ஒன்றாக 365 தீவுகள் என்பார்கள். எண்ணிப் பார்க்கப் பொறுமையில்லை.

ஃபாதர் ஜெபத்தைத் தொடங்க, எல்லோரும் ஆலயத்தைச் சுற்றினார்கள். நானும் சுற்றினேன். மலை என்றால் எனக்கு முருகன்தான். உதட்டில் அந்தப் பெயர்தான் வந்தது. எட்டாவது சுற்றிலோ ஒன்பதாவதிலோ கணக்கு விட்டுப்போய், முன்னால் போன பாட்டியைக் கேட்டேன். “எனக்கும் தெரியாது, அவர்கள் நிற்கும்போது நாமும் நிற்போம்” என்றார். எல்லா ஊர்க் கோயிலிலும் இந்தப் பாட்டி இருக்கிறார்.

இறங்குவதுதான் கொடுமை. படி இல்லாத இடங்களில் கல் உருள்கிறது, முழங்கால் கதறுகிறது. வழியில், மெல்லிய ஓட்டக் காலணியோடு வந்திருந்த வேறு குழு இளைஞர் ஒருவர் கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தார். மேயோ மலை மீட்புக் குழுவினர் அவரைத் தாங்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் சம்பளமில்லாத் தொண்டர்கள். பணியை விட்டுவிட்டு, தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள். குழுவை நடத்த அவர்களும் நன்கொடை கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு தர்மத்துக்கு நிதி திரட்டுகிறோம் என்று தயாரில்லாமல் வந்து, இன்னொரு தர்மத்தின் கையிருப்பைக் கரைத்துவிட்டுப் போவது எந்தக் கணக்கில் சேரும்? நான் குழு நடத்தினால், திரட்டுவதில் ஒரு பங்கு இவர்களுக்கு என்று அட்டையிலேயே அச்சடித்துவிடுவேன். ஃபாதரிடம் சொன்னேன். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சீனியர் நர்ஸ் எங்களுக்கெல்லாம் பின்னால், ஃபாதரின் தோளைப் பிடித்தபடி வந்தார். ஒரு குதிகாலில் இரத்தம். நர்ஸுகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரே காலுக்குக் கட்டுப் போட்டோம். ஆளுக்கொரு முறையில் போட்டதால் பார்க்கச் சகிக்கவில்லை.

மலைக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், வெண்கலக் கப்பல் ஒன்று நிற்கிறது. பாய்மரக் கயிறுகளுக்குப் பதில் எலும்புக்கூடுகள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் செத்தவர்களுக்கான தேசிய நினைவுச் சின்னம், 1997இல் திறந்தது. பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். அந்தப் பஞ்சத்துக்கு வெளியிலிருந்து முதலில் வந்த நிதிகளில் ஒன்று கல்கத்தாவில் திரட்டியது. 1847இல் அமெரிக்கப் பூர்வகுடிகளான சோக்டா மக்கள், தாங்களே மண்ணிழந்து துரத்தப்பட்டிருந்த நிலையில், 170 டாலர் அனுப்பினார்கள். ஐரிஷ்காரர்கள் இதை இன்னும் மறக்கவில்லை. இந்த நாட்டில் சமையலறைக்குச் சமையலறை ஸ்பான்சர் அட்டை கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

போக நினைப்பவர்களுக்கு: டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்கு ரயில் இருக்கிறது. மலைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏற இரண்டு மணி, இறங்க ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜெபம் தனி. கணுக்காலை மூடும் பூட்ஸ், மழைக்கோட்டு, ஊன்றுகோல் மூன்றும் கட்டாயம். கூட்டம் பிடிக்குமென்றால் ரீக் ஞாயிறு, பிடிக்காதென்றால் மே அல்லது ஜூன் மாதத்தில் ஒரு வார நாள். மலை மீட்புக் குழுவுக்கு இணையத்திலேயே பணம் அனுப்பலாம். ஏறுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள், இறங்கிய பிறகு கை போனை எடுக்காது.