டப்பால போட்டிருக்கற வயசும் எங்க பையனோட கையும்

விளையாட்டுச் சாமான் டப்பால "3+"னு போட்டிருந்தா மூணு வயசு பிள்ளையோட அறிவுக்குத்தான் அது புரியும்னு நிறைய பேரு நினைச்சிக்கறாங்க, பெரும்பாலும் அது இல்லீங்க, உள்ள பொடிப் பொடியா பாகம் இருக்கு, மூணு வயசுக்குக் கீழ உள்ளது வாயில போட்டா தொண்டையில அடைச்சிக்கும்னு சொல்ற எச்சரிக்கை அது. எங்க பையனுக்கு நாலு வயசு முடிஞ்சிருச்சி, ஆனா இன்னும் எதுவா இருந்தாலும் வாய்க்குத்தான் கொண்டு போவான். அதனால மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட் டவுன்ல கடைக்காரரு "எத்தன வயசு"ன்னு கேட்டா எனக்கு உடனே பதில் வராது. வாய்க்கு ஒரு வயசு, கைக்கு ஒரு வயசு, சிரிப்புக்கு ஒரு வயசு, எத சொல்றது?

அவனுக்கு செரிப்ரல் பால்ஸி. மூளை வளர்ற நேரத்துல, பொறக்கறதுக்கு முன்னாடியோ பொறந்த சமயத்துலயோ ஏற்பட்ட பாதிப்பால உடம்புத் தசை சொன்ன பேச்சு கேக்காது, அது மேல மேல முத்திப் போற வியாதி இல்ல, ஆனா கைகால் இறுக்கம் இருந்துகிட்டே இருக்கும். வலது கை மூடுன மூட்டைதான். இடது கை மெதுவா விரியும், பக்கவாட்டுல ஒரு தள்ளு தள்ளுவான். பேச்சு இன்னும் வரல, ஆனா நான் ஷிஃப்ட் முடிஞ்சி வர்ற மோட்டோ சத்தம் தெருமுனையில கேட்டா கண்ணு வாசலுக்குப் போயிரும், அத வச்சிப் பாத்தா பய எல்லாத்தையும் வெளங்கிக்கறான்னுதான் நான் சொல்லுவேன்.

சொந்தக்காரங்க பாசமா வாங்கிட்டு வர்றது எல்லாம் ஒரே சாதி. பேட்டரி போட்டா தானா ஓடும், தானா பாடும், கலர் கலரா லைட்டு அடிக்கும். நம்ம பிள்ளைக்கு அதுல என்ன வேலை? வேடிக்க பாக்கற வேலை மட்டுந்தான். இதுல இன்னொண்ணு, செரிப்ரல் பால்ஸி உள்ள நிறைய பிள்ளைங்க திடீர்னு சத்தம் கேட்டா உடம்பே தூக்கிப் போட்டுரும், எங்க பையனும் அப்படித்தான், போலீஸ் காடி பொம்ம ஊளையிட்டா ரெண்டு கையும் விறைச்சிக்கும், அப்புறம் இளக வைக்கறதுக்கு அவங்கம்மா மடியில போட்டு ரொம்ப நேரம் தடவிக் குடுக்கணும். ஸ்பீக்கர் ஓட்ட மேல நல்ல கனமான டேப்ப ரெண்டு மடிப்பா ஒட்டுனா சத்தம் நல்லா கொறையும், செஞ்சி பாருங்க.

ஈப்போல ஓ.டி. (அன்றாட வேலைக்கு கை, உடம்பப் பழக்கற தெரபி) பாக்கற புவான், அதாவது அந்தம்மா, ஒரு கேள்விதான் கேட்டாங்க, கடையில என்ன இருக்குன்னு விடுங்க, பையன் கை இப்ப என்ன செய்யுது? தள்ளுதா, தட்டுதா, இழுக்குதா, புடிக்குதா? புடிச்சத விடத் தெரியுதா? (புடிக்கறதவிட விடறதுதான் இவனுக்கு கஷ்டம்.) அத மொதல்ல ஒரு வாரம் உக்காந்து பாத்துட்டு, அந்த ஒரு அசைவுக்கு பதில் சொல்ற சாமான் எதுன்னு தேடுங்கன்னாங்க. எனக்கு இது பட்டுன்னு புடிச்சிப் போச்சி. அவன் தள்ளுனா ஏதாவது நடக்கணும், தள்ளலன்னா நடக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. இத அவங்க காஸ் அண்ட் எஃபெக்ட்னு சொல்லுவாங்க.

தள்ளறது சரி, தள்ளுன சாமான் ஓடிப் போயிட்டா அவனால எட்டி எடுக்க முடியாதே. அலமாரியில விரிக்கற ரப்பர் வலை ரெண்டு வெள்ளிக் (ரிங்கிட்) கடையில சுருளா கிடைக்கும், அத வெட்டி மேசையில போட்டா மேல வைக்கற சாமான் வழுக்காது. வெளிம்பு உள்ள டூலாங் (தாம்பாளத் தட்டு) ஒண்ணு இருந்தா பந்து அதுக்குள்ளயே சுத்திகிட்டு கிடக்கும். அர இன்ச்சு பிவிசி பைப்புல கோல்போஸ்ட் மாதிரி ஒரு சட்டம் கட்டி, கை எட்டற உயரத்துல மணி, மரக் கரண்டி, பழைய சாவிக் கொத்துன்னு கட்டித் தொங்க விட்டேன், கயிறு மட்டும் கழுத்துல சுத்தாத நீளத்துக்கு குட்டையா இருக்கணும், பக்கத்துல பெரியவங்க ஒருத்தரு இருக்கணும். பின்னாடி கருப்புத் துணி போட்டு முன்னாடி செவப்போ மஞ்சளோ ஒரே ஒரு சாமான் வச்சா கண்ணு சட்டுன்னு நிக்குது. கலர் கலரா பத்து வச்சா எதையும் பாக்க மாட்டான், தலைய அந்தப் பக்கம் திருப்பிக்குவான்.

எங்கம்மா தோட்டத்துல பால்மரம் சீவுனவங்க. அவங்களுக்கு விளையாட்டுச் சாமான்னா ரப்பர் கொட்டைதான், பளபளன்னு வரி வரியா இருக்கும், அத பல்லாங்குழியில போட்டு விளையாடுனா பையனுக்கு விரல் வேலை செய்யும்ல தம்பின்னாங்க. யோசன நல்ல யோசனதான், கொட்டைதான் ஆகாது. தொண்டையில அடைக்கற அளவு, அதுக்கு மேல பச்ச ரப்பர் கொட்டைக்குள்ள சயனைடு உண்டாக்கற சத்து இருக்கு, வாயில போடற பிள்ளைக்கு கிட்டயே கொண்டு போகக் கூடாது. அதனால குழி மட்டும் எடுத்துக்கிட்டோம், கப் கேக் சுடற தட்டுல குழிக்கு ஒரு பந்து. பிங்பாங் பந்து வச்சிரலாம்னு தோணும், ஆனா அது 40 மிமீ, அமெரிக்கா சட்டத்துல மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க சாமான்ல பந்து 44.4 மிமீக்கு மேல இருந்தாத்தான் விடுவாங்க, ஏன்னா உருண்டையா இருக்கறது தொண்டைய முழுசா அடைச்சிரும். நாங்க துணிய உருட்டி டென்னிஸ் பந்து அளவுக்கு தைச்சி வச்சோம், குழியில முழுசா உக்காராது, மேல நிக்கும், எடுக்கறதுக்கு அதுவே வசதி. பந்தா இல்லாத மத்த சாமானுக்கு டாய்லட் ரோல் அட்டைக் குழாய வச்சிப் பாக்கலாம், அதுக்குள்ள நுழையறது எதுவும் அவன் கைக்குப் போகாது.

இப்ப எனக்குப் புடிச்ச விஷயத்துக்கு வர்றேன். நான் செம்பனை மில்லுல சார்ஜ்மேன், கரண்ட் வேலைய பாத்துக்கறவன், வயர்னா விட மாட்டேன். தானா ஓடற பேட்டரி சாமானயே பையன் சொன்னா ஓடற சாமானா மாத்தலாம், பொம்மைய ஒடைக்கவே வேணாம். மெல்லிசா ரெண்டு செம்புத் தகடு, நடுவுல கரண்ட் போகாத பிளாஸ்டிக் துண்டு, தகடு ஒவ்வொண்ணுலயும் ஒரு வயர் சால்டர் பண்ணி, இந்த சாண்ட்விச்ச பேட்டரிக்கும் அது தொடற முனைக்கும் நடுவுல சொருகிரணும். இப்ப சர்க்யூட் அறுந்துரும். ரெண்டு வயரும் வெளிய வந்து ஒரு பெரிய பட்டன்ல முடியும், பட்டன அமுக்குனாத்தான் சர்க்யூட் சேரும். பொம்மையோட சொந்த சுவிட்ச ஆன்லயே விட்டுரணும். நடுவுல 3.5 மிமீ மோனோ ஜாக் போட்டுக்குங்க, பழைய ரேடியோ இயர்போன் ஓட்ட சைஸ், கடையில விக்கற ஸ்பெஷல் சுவிட்சுங்களும் பெரும்பாலும் அதே ஜாக்தான், பின்னால வாங்குனா அப்படியே மாட்டிக்கலாம். பட்டனுக்கு நான் சாப்பாட்டு டப்பா மூடிக்கு அடியில மைக்ரோ சுவிட்ச் (லேசா அமுக்குனாலே சேர்ற குட்டி சுவிட்ச்) வச்சேன், மூடியில எந்தப் பக்கம் கை பட்டாலும் அமுங்கும்.

ஆனா எல்லா பொம்மைக்கும் இது சரிப்படாது. ஆன் ஆஃப் மட்டும் இருக்கற சாமானுக்குத்தான் நல்லா வேலை செய்யும். ஆன்ல வச்ச பெறகு இன்னொரு பட்டன வேற அமுக்குனாத்தான் பாடும்ங்கற ரகம் கரண்ட் போய் வந்ததும் மறந்துபோயி சும்மா கிடக்கும். சொவத்துல சொருகற சாமான்கிட்ட மட்டும் யாரும் இந்த வேலைய காட்டாதீங்க, டபுள் ஏ பேட்டரி சாமானோட நிறுத்திக்குங்க. எங்க வீட்ல இதுவரைக்கும் ஜெயிச்சது பொம்மை கூட இல்ல, பசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) வாங்குன குட்டி ஃபேன். மூடிய தட்டுனா மூஞ்சில காத்து அடிக்குது, கைய எடுத்தா நிக்குது. மூடிய ஒரு தட்டு, என்னைய ஒரு பார்வ, மறுபடியும் தட்டு. அவங்கம்மா "போதும்டா, சளி புடிக்கும்"னாங்க, அவன் எங்க கேக்கறான்.

ஒண்ணு மட்டும் வீட்ல இருக்கறவங்களுக்கு கஷ்டம், சும்மா இருக்கறது. அவன் கைக்கு மூளையில இருந்து சேதி போயி அசையறதுக்கு நேரம் எடுக்கும், அதுக்குள்ள பாட்டி கைய புடிச்சி அமுக்கி விட்டுருவாங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்கம்மான்னு சொல்லி வச்சிருக்கேன். எட்டுலயே அவங்களுக்கு தாங்காது.

வாங்கும்போது நான் மொதல்ல திருப்பிப் பாக்கறது பேட்டரி மூடி. ஸ்க்ரூ இல்லாம நகத்துலயே தொறந்துச்சின்னா அங்கயே வச்சிருவேன். காசு மாதிரி இருக்கற பட்டன் பேட்டரிய முழுங்குனா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய பொசுக்கிரும், முழுங்குனான்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். தண்ணியில ஊறி பெருசாகற ஜெல்லி மணிய சென்சரி விளையாட்டு, தொட்டு உணர்ற விளையாட்டுன்னு சொல்லி விக்கறாங்க, அது வயித்துக்குள்ளயும் ஊதும், வேணவே வேணாம். அப்புறம் எம்.சி. முத்திரை, பாதுகாப்பு விதிக்கு ஒத்துப் போகுதுன்னு சொல்ற அடையாளம், நம்ம நாட்டுல பொம்மைக்கு அது இருக்கணும்.

"ஸ்பெஷல் நீட்ஸ்"னு ரெண்டு வார்த்தைய ஒட்டிட்டா வெலை ஏறிருது, அது எனக்கு எரிச்சல். காசு போட்டு வாங்குனத பையன் திரும்பிக் கூட பாக்கலன்னா அப்புறம் என்ன செய்யறது? சுவீடன்ல 1963லயே லெகோடெக்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஊனமுள்ள பிள்ளைங்களுக்கு பொம்மைய இரவலா குடுக்கற எடம், லைப்ரரில புக்கு எடுக்கற மாதிரி. நம்ம பக்கம் பிடிகே (ஊனமுள்ளவங்களுக்கு ஊருக்குள்ளயே நடக்கற மறுவாழ்வு மையம்) இருக்கற ஊருல அங்க வர்ற அம்மாங்க நாலு பேரு சேந்தாலே இத செஞ்சிரலாம், கழுவ முடிஞ்ச சாமானா ஒரு பைக்குள்ள போட்டு மாசம் ஒரு வீடு. எங்க வீட்டுக்காரம்மா ஆரம்பிச்சிட்டாங்க, மணி வச்ச துணிப் பந்து ஒண்ணு போச்சி, வேற வீட்டு முரசு ஒண்ணு வந்திருக்கு, தட்டுனா அதிருது, வலது கை மூட்டைய அதுமேல வச்சா அவனுக்கு சிரிப்பு.

இடது கை சாயங்காலம் ஆனா களைச்சிப் போயிருது, அதனால இப்ப தலையால அமுக்கற மாதிரி ஒரு சுவிட்சு, நாற்காலி சாய்மானத்துல ஸ்பாஞ்சுக்குள்ள வச்சி தச்சிகிட்டு இருக்கேன். ஸ்பிரிங் கொஞ்சம் கடுசா இருக்கு, லேசான மைக்ரோ சுவிட்ச் ஒண்ணு ஈப்போல தேடணும்.