பட்டர்வொர்த் வீடும் தம்பியின் மேல்முறையீடும்

வர்ஜீனியாவில் வசிக்கும் என் தம்பி அமெரிக்கக் குடிமகன். பாதுகாப்புத் துறை ஒப்பந்த வேலைக்காக ரகசியப் பணி அனுமதி கேட்டு விண்ணப்பித்தபோது, அப்பாவின் உயிலின்படி அம்மா, நான், அவன் என மூவர் பெயருக்கும் மாறிய மலேசியாவின் பினாங்கு மாநிலத்து பட்டர்வொர்த் வீட்டை, அந்த அனுமதிக்கான கேள்விப் படிவமான எஸ்எஃப்-86இல் எழுதாமல் விட்டுவிட்டான். அம்மா குடியிருக்கும் வீட்டைத் தன் சொத்தாக அவன் நினைத்ததே இல்லை. இதை நான் நம்புகிறேன். நம்ப வேண்டியவள் நானல்லவே.

அனுமதி மறுப்புக்கான காரணங்களை விளக்கி வந்த கடிதம், 2017 முதல் நடப்பிலுள்ள 13 வழிகாட்டு நெறிகளில் இரண்டைச் சுட்டியது. ஒன்று வெளிநாட்டுச் செல்வாக்கு. மற்றது தனிநபர் நடத்தை, அதாவது படிவத்தில் மறைத்தது. பினாங்கில் நாங்கள் இருப்பதை அவன் எழுதியிருந்ததால் முன்னதைச் சமாளித்திருக்கலாம். பின்னதுதான் கழுத்தைப் பிடித்தது.

பதிலளிக்க 20 நாள் இருந்தது. நேரடி விசாரணை கேட்காமல், கூச்சத்தினால் காகிதங்களை வைத்தே தீர்ப்பளிக்கச் சொல்லிவிட்டான். அது தவறு என்றே இன்றும் சொல்வேன். அரசுத் தரப்புக் கோப்பு கைக்கு வந்த பின்னும் ஆவணம் சேர்க்க 30 நாள் கிடைத்தது. அந்த நாள்களில் நான் நில அலுவலகத்தில் எண்சீட்டுடன் காத்திருந்தேன். மலாயில் இருந்த கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, மொழிபெயர்க்கக் கொடுத்தேன். அம்மாவின் சத்தியப் பிரமாணத்துக்கு முத்திரை வாங்கினேன். "ஒரு வெள்ளி வாடகைகூட அவன் வாங்கியதில்லை" என்று அம்மா சொன்னதைத் தட்டச்சு செய்தவர் இருமுறை வாசித்துக் காட்டினார். கட்டு அவனை எட்டியபோது கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

தீர்ப்பு எதிராகவே வந்தது. 15 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பையும் 45 நாளுக்குள் வாதவுரையையும் கொடுத்தான். ஆனால் மேல்முறையீட்டுக் குழு புதிய ஆவணம் எதையும் ஏற்பதில்லை. முன்பிருந்த சான்றுகளைக் கொண்டு நீதிபதி பிழை செய்தாரா என்பதை மட்டுமே பார்க்கும் என்பதை, இங்கே இரவு ஒன்பது, அங்கே காலை ஒன்பது என்றிருந்த ஒரு தொலைபேசி உரையாடலில்தான் அறிந்தேன். நான் அலைந்து சேர்த்த காகிதங்களை அவர்கள் பிரிக்கவே போவதில்லை. அனுமதி எவருக்கும் உரிமையல்ல என்று 1988இல் ஈகன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. மேல்முறையீடு தள்ளுபடியானது.

ஓராண்டு கழித்து, நிறுவனம் முன்மொழிந்தால் மீண்டும் விண்ணப்பிக்கலாம். அதற்குள் தன் பங்கை அம்மா பெயருக்கு மாற்றிவிட விரும்புகிறான். நில உரிமை மாற்றத்துக்கான படிவம் 14ஏ ஒரு மாதமாகச் சாமி மேடைக்குக் கீழே கிடக்கிறது. அப்பா கொடுத்ததைத் திருப்பி வாங்கமாட்டேன் என்று அம்மா கையொப்பமிட மறுக்கிறார்.