உளுந்தஞ்சோறும் நாலு மணி டீயும்

சத்துணவு வகுப்பு என்றால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. சுவரில் ஆப்பிளும் கேரட்டும் போட்ட சார்ட் தொங்கும், ஒரு மேடம் குச்சியை வைத்துக் காட்டிக்கொண்டே போவார், கடைசியில் பிஸ்கட்டும் டீயும் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். நான் கடையம், ஆலங்குளம் பக்கத்து ஊர்களில் மகளிர் குழுக்களுக்கு எடுக்கிற வகுப்பில் சார்ட் கிடையாது, அடுப்புதான். சமைத்ததை எல்லாரும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்ட பிறகுதான் எழுந்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் சட்டம்.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் தட்டோடு வந்து உட்காருவார்கள், நான் பேசப் பேச கை அதுபாட்டுக்கு இலையை உருட்டி நூல் கட்டிக்கொண்டிருக்கும். கணக்கு முடிக்காவிட்டால் அன்றைக்குக் கூலி போச்சே, அதனால் நான் ஒன்றும் சொல்வதில்லை. அடுப்பு பற்றவைத்ததும் தட்டு திண்ணைக்குப் போய்விட வேண்டும், தூள் பட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தேங்காயைத் தொட வேண்டும்.

இவர்களுக்குச் சத்து எதில் இருக்கிறது என்று தெரியாமல் இல்லை. பிள்ளை வயசுக்கு வந்தால் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்து, இடுப்புக்குப் பலம் என்று வற்புறுத்தி ஊட்டுகிற ஊர் இது. அதே பிள்ளைக்குக் கல்யாணமாகி ரெண்டு பெற்றுவிட்டால், அப்புறம் அவளுக்கு உளுந்து என்பது இட்லிக்கு ஊறப்போடுகிற சாமான், அவ்வளவுதான். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் மிஞ்சின குழம்பை ஒரு குத்துச் சோற்றில் பிரட்டிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தட்டை எடுத்துக்கொள்வாள், தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் அதற்குள் காலியாகியிருக்கும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் நம் சீமைக்கு ஒரு பெருமை உண்டு. காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கிய எட்டயபுரம் அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. கர்ப்பிணி என்றால் இரும்பு மாத்திரை, ஊட்டச்சத்துப் பெட்டகம் எல்லாம் தேடி வரும். பிரசவம் முடிந்து அங்கன்வாடி நோட்டில் பேர் நின்றுபோனதும், அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்க ஆள் இல்லை. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. என் வகுப்பில் "மாடி ஏறினா நெஞ்சு படபடங்கு, சாயங்காலமானா கண்ணைச் சொருகுது" என்று சொல்லாத ஆளைத் தேடத்தான் வேண்டும், ஆனால் அதை யாரும் நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை.

அதனால் முதல் வகுப்பில் எப்போதும் உளுந்தஞ்சோறுதான். ஒரு முறை ஒரு ஆச்சி, "ஏ பிள்ள, உளுந்தஞ்சோறு பொங்க எங்களுக்கு நீ சொல்லித் தரணுமாக்கும்?" என்று சிரித்தார்கள். "நீங்கதான் பொங்கணும் ஆச்சி, நான் ரெண்டு இடத்துல மட்டும் குறுக்கே பேசுவேன்" என்றேன். ரெண்டு பங்கு புழுங்கல் அரிசி, ஒரு பங்கு தொலி உளுந்து. உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, ஒரு கை பூடு, கொஞ்சம் வெந்தயம், சீரகம், தேங்காய்த் துருவல், உப்பு போட்டு, தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் குக்கரை மூட வேண்டியதுதான். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். நான் குறுக்கே பேசுகிற முதல் இடம், உளுந்தைத் தேய்த்துத் தேய்த்துத் தொலியை ஓடவிடும்போது. சோறு வெள்ளையாக இருக்க வேண்டுமாம்! நார்ச்சத்தும் இரும்பில் ஒரு பகுதியும் அந்தக் கறுப்போடு வாய்க்காலில் போய்விடும், விடுங்கள், கறுத்தால் கறுக்கட்டும். ரெண்டாவது, அரிசியை நாலு தண்ணீர் கழுவும்போது. பி வைட்டமின்கள் தண்ணீரில் கரைகிறவை, ஒரு தண்ணீர், மிஞ்சினால் ரெண்டு, போதும். வடிக்கிற வீடுகளில் கஞ்சி நேராக மாட்டுத் தொட்டிக்குப் போகிறது, மாடு நன்றாக இருக்கிறது.

புழுங்கலையே ஏன் சொல்கிறேன் என்று கேட்கிறவர்கள் உண்டு. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. பச்சரிசியை வெள்ளையாகத் தீட்டித் தின்ற இடங்களில், பி1 பற்றாமல் வருகிற பெரிபெரி நோய் வந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 1918-ல் நம் குன்னூரில் பெரிபெரியை ஆராய்கிற ஒரு சின்ன அறையாகத் தொடங்கியதுதான். அப்புறம், புரதம் என்பது பல கூறுகள் சேர்ந்தது, அதில் அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் உளுந்தில் உண்டு, உளுந்தில் குறைகிற மெத்தியோனின் அரிசியிலும் எள்ளிலும் உண்டு. துவையலோடு சேர்த்துச் சாப்பிட்டால் புரதம் ஒழுங்காகச் சேர்ந்துவிடும். ஆச்சிக்கு இந்தப் பேரெல்லாம் வேண்டாம், "ஒண்ணுக்கொண்ணு தொணை" என்று அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

சண்டை வருவது டீயில். பீடி சுற்றும் வீடுகளில் பசியை டீயால்தான் தள்ளிப்போடுகிறார்கள், சாப்பிட்ட கையோடு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, கடையில் பீடி கொடுத்துவிட்டு வந்ததும் ஒன்று. முருங்கைக்கீரையும் உளுந்தும் தின்றுவிட்டு உடனே டீ குடித்தால், அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் ஒட்டுவது குறைந்துபோகும். டீயை நிறுத்துங்கள் என்று நான் சொன்னதே இல்லை, சொன்னால் வகுப்புக்கு வரமாட்டார்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி, கீரை இருக்கிற அன்றைக்குச் சோற்றோடு பாதி எலுமிச்சம்பழம் அல்லது ஒரு நெல்லிக்காய், இல்லையென்றால் கொல்லையில் அணில் கொறிக்கிற கொய்யா. வைட்டமின் சி இருந்தால் செடியிலிருந்து வருகிற இரும்பு நன்றாக ஏறும். எலுமிச்சையைக் கீரையோடு கொதிக்கவிடாமல், சாப்பிடும்போது சோற்றில் பிழிய வேண்டும். நாலு மணி டீயை அப்படியே விட்டுவிட்டேன், அது அவர்கள் நிமிர்ந்து உட்காருகிற ஒரே நேரம்.

சிறுதானியத்தைப் பற்றிக் கேட்காத வகுப்பு இல்லை. கேழ்வரகு நல்லதுதான், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசி கிட்டவே வராது. ஆனால் அம்பையில் ஒரு கடையில் அட்டைப்பெட்டிக்குள் 'சிறுதானிய நூடுல்ஸ்' பார்த்தேன், திருப்பிப் படித்தால் பாதிக்கு மேல் மைதா. முழுசாக வாங்கி மில்லில் திரித்துக்கொள்ளுங்கள் என்பேன். கருப்பட்டியும் அப்படித்தான், உடன்குடிக் கருப்பட்டி மாதிரி வருமா, ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவருக்கு அதுவும் இனிப்புதான், கருப்பட்டிக் காப்பி என்பதற்காக மூணு டம்ளர் கிடையாது. உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அப்பளம், வத்தல், ஊறுகாய் எல்லாம் சேர்த்து.

தராசில் வைத்துக் காட்டுகிறது ஒன்று உண்டு. 2024-ல் அந்த ஐதராபாத் நிறுவனம் வெளியிட்ட தட்டுக் கணக்கில், ஒருவருக்கு ஒரு நாள் முழுக்க அரிசி, கோதுமை எல்லாம் சேர்த்து 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன் 85 கிராம். எல்லாம் சமைக்காத எடை. 250 கிராம் அரிசியை நிறுத்துச் சொளவில் கொட்டினால், "இது எங்க வீட்டுக்காரருக்கு மத்தியானத்துக்கே காணாதே" என்று சத்தம் கிளம்பும். 400 கிராம் காயைக் கொட்டினால் சத்தமே வராது. சந்தையில் விற்கிற விலைக்கு அது நடக்கிற காரியம் இல்லை என்று எனக்கும் தெரியும். அதனால் காசு கொடுத்து வாங்குவதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முருங்கை, அகத்தி, மழைக்குப் பிறகு வேலியோரம் கிடைக்கிற குப்பைக்கீரை, பந்தலில் பீர்க்கை, அப்புறம் ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குப் போடுகிற துவரம்பருப்பு. உவரியிலிருந்து வண்டியில் சாளை மீன் வந்தால் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை, விலையும் மலிவு, சத்தும் வஞ்சிரத்துக்கு இளைத்ததில்லை.

போன வாரம் ஒரு மைனி எழுந்து, "எல்லாம் சரிதான், இதைச் செஞ்சு வச்சா எனக்கு மிஞ்சுமாக்கும்?" என்று கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள், பதில் என்னிடம் இல்லை. பக்கத்தில் இருந்த ஒருத்திதான், "வெஞ்சனத்தை இறக்கினதும் ஒன் பங்கைக் கிண்ணத்துல எடுத்து மூடி வச்சிருங்க மைனி, கேட்டா நாளைக்குப் பழைய சோத்துக்குன்னு சொல்லுங்க" என்றாள். இப்போது அதை வகுப்பிலேயே செய்ய வைக்கிறேன். பரிமாறுவதற்கு முன்னால் ஆளுக்கொரு கிண்ணம், மூடியோடு. அடுத்த வகுப்பு ஞாயிற்றுக்கிழமை, காணத் துவையல், அதாவது கொள்ளுத் துவையல், வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். ரெண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதில் ஒருவர் சாப்பாடு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னாராம்.