ஒருவழியாக நின்றது எஃப்ஜி முடிச்சு

ரீலில் இருக்கும் பிரெய்டையும் (பின்னல் தூண்டில் நூல்), முள் பக்கம் வரும் லீடரையும் (தனி நூல் துண்டு) இணைக்கும் எஃப்ஜி முடிச்சு நின்றுவிட்டது. மேசை மேல் வைத்து இழுத்துப் பார்த்த கதை இல்லை இது. முழங்கை நீளத்துக்கு மேலிருந்த ஒரு கெளுத்தி, கரையோர வேர்களுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு இழுத்த இழுப்புக்கும் நழுவாமல் நின்றது. பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் டென்ட்டும் தூண்டிலுமாகக் கிளம்ப ஆரம்பித்த நாளிலிருந்து இந்த ஒரு முடிச்சு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஆகவே இன்றைக்குக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளப் போகிறேன். டென்ட் விவகாரம், மடக்குக் கட்டில் விவகாரம் எல்லாம் அப்புறம்.

இதே இரண்டு நூலையும் இணைக்க டபுள் யூனி என்ற எளிய முடிச்சு போதாதா என்று கேட்பவர்களுக்கு: லீடர் நீளம் குறைவாக இருந்தால் தாராளமாகப் போதும். ஆனால் நாங்கள் உட்காரும் இடமெல்லாம் கல்லும் வேரும். பிரெய்டு இழுவைக்குத்தான் ராஜா, விறைப்பாக இருக்கும்போது ஒரு கல் விளிம்பில் உரசினால் போதும், கதை முடிந்தது. அதனால் ராடு நீளத்தைவிடக் கூடுதலாக, உரசலைத் தாங்கும் ஃப்ளூரோகார்பன் நூலில் லீடர் வைக்கிறேன். அப்படி வைத்தால் முடிச்சு ரீலுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும், ஒவ்வொரு வீச்சிலும் ராடில் நூல் ஓடும் எல்லா வளையத்தையும் தாண்டிப் போயாக வேண்டும். டபுள் யூனியில் லீடர் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதால் முடிச்சு தடித்துவிடும். வீசும்போதெல்லாம் முனை வளையத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு வீச்சின் தூரமும் குறையும், சில நேரம் முடிச்சு மாட்டி, இரை மட்டும் தனியாகப் பறந்து போகும்.

எஃப்ஜியில் லீடர் மடங்குவதே இல்லை, நேராகக் கிடக்கும். பிரெய்டு மட்டும்தான் அதை மாறி மாறிப் பின்னிப் பிடித்துக்கொள்கிறது. இழுக்க இழுக்கப் பின்னல் இறுகி லீடருக்குள் கடிக்கும். வளையத்தில் போகும்போது இருப்பதே தெரியாது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காணொளிகளில் பார்த்தால் ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தில் அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டே விஷயம்தான், பிரெய்டின் விறைப்பும் கடைசி இழுப்பும். என் பொறுமை முழுவதையும் தின்றது அந்த இரண்டும்தான்.

விறைப்பை முதலில் சொல்கிறேன். பின்னும் நேரம் முழுக்க பிரெய்டு கம்பி மாதிரி நிற்க வேண்டும். ஒரு நொடி தளர்ந்தாலும் முன்னே போட்ட சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஏறிய சுற்று எதையும் கடிக்காது, சும்மா உட்கார்ந்திருக்கும். காணொளிக்காரர்கள் எல்லாரும் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு பின்னுகிறார்கள். என் வாயில் மேல்வரிசை பல் செட். பிரெய்டைக் கடித்து இழுத்தால் எது முதலில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல்லுக்குப் பதிலாக கிளிப், துணி மாட்டும் கொக்கி, சட்டைப் பொத்தான் என்று என்னென்னவோ முயன்றேன். எல்லாமே பாதியில் நழுவும் ரகம்.

வழி கண்டுபிடித்தவள் என் மனைவி. ராடைத் தாங்கியில் நிறுத்தி, ரீலின் டிராகை (நூல் வெளியே ஓடாமல் பிடிக்கும் பிரேக்கை) முழுக்க முடுக்கிவிட்டு, பிரெய்டின் முனையை மடக்கு நாற்காலியின் காலில் நாலைந்து சுற்று சுற்றச் சொன்னாள். பிறகு அந்த நாற்காலியில் அவளே உட்கார்ந்து, ராடு முனை லேசாக வளையும்வரை நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினாள். ராடே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து பிரெய்டை விறைப்பாகவே வைத்துக்கொள்கிறது. இரண்டு கையும் எனக்குக் காலி. இப்படி ஒரு வசதியைப் பல் இருக்கிற எவனும் சொல்லவில்லை!

இப்போது லீடர் முனையைப் பிரெய்டின் மேல் ஒரு பக்கமாக ஒரு சுற்று, அடுத்தது எதிர்த் திசையில் ஒரு சுற்று, மாறி மாறி. 20 தடவை என்பது என் கணக்கு. சிலர் 16-இல் நிறுத்துகிறார்கள், சிலர் 24 வரை போகிறார்கள். லீடர் தடிமனாக இருந்தால் குறைவாகவே போதும். எண்ணிக்கையைவிட முக்கியம், ஒவ்வொரு சுற்றும் முந்தையதை ஒட்டி உட்கார வேண்டும், மேலே ஏறக் கூடாது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "என்னங்க, நீங்க ஒவ்வொரு சுத்துக்கும் விட்டு விட்டுப் பிடிக்கிறீங்க, சடை பின்னும்போது பிடியை விட்டா மேலேயே தளர்ந்து போகும்ல" என்றாள். எங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடம் முடியும்வரை தினமும் இரட்டைச் சடை பின்னிவிட்ட கை அது. அவளிடம் கொடுத்தேன். இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுற்றுகளை விட்டு விலகவே இல்லை, விரல்கள் அப்படியே ஊர்ந்துபோயின. அவள் போட்ட பின்னல் அச்சில் வார்த்தது போல வந்தது. கெளுத்தி இழுத்ததும் அவள் பின்னலைத்தான். இறுக்கியது மட்டும் நான். அதிலும் பாதிப் பெருமை எனக்கு உண்டு, விடமாட்டேன்.

ஏனென்றால் கடைசி இழுப்பில்தான் பலருடைய எஃப்ஜி செத்துப்போகிறது. பின்னி முடித்ததும் லீடரையும் பிரெய்டையும் சேர்த்து ஒரு அரை முடிச்சுப் போட்டுப் பூட்டுவோம், அதுவரை சரி. பிறகு முடிச்சை நன்றாக நனைத்துவிட்டு, பிரெய்டை ஒரு கையிலும் லீடரை மறு கையிலும் சுற்றிக்கொண்டு இழுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதைக் கை சொல்லாது, நிறம்தான் சொல்லும். என் பிரெய்டு வெளிர் பச்சை. பின்னல் இறுகும்போது அந்தப் பச்சை கருக்கும். சுற்றுகள் நெருங்கி, பின்னலின் நீளம் கண்ணெதிரே குறையும். வெளிறியே இருந்தால் இன்னும் லீடரைக் கடிக்கவில்லை என்று அர்த்தம். வெறும் கையால் இழுத்தால் முடிச்சு இறுகுவதற்கு முன்னால் பிரெய்டு விரலை அறுத்துவிடும். தோட்ட வேலைக்கு வைத்திருந்த தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு, ஒரு சின்ன மரக்குச்சியில் பிரெய்டைச் சுற்றி இழுக்கிறேன். நிறம் மாறும் அந்தக் கணத்தில் லீடரில் ஒரு மெல்லிய நெறிப்பு கையில் தட்டுப்படும். அது தெரிந்த பிறகுதான் லீடரின் மீதி முனையை வெட்ட வேண்டும். வெட்டியதும் பிரெய்டின் மேல் மட்டும் நாலைந்து அரை முடிச்சு, இடம் வலம் மாற்றி.

லீடர் முனையை நெருப்பில் காட்டிக் குமிழாக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிரெய்டு என்பது பாலிஎத்திலீன் இழை, 150 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும், அதற்கு வெகுமுன்பே பலம் குறையத் தொடங்கும். லைட்டர் சுடர் பக்கத்தில் வந்தாலே போதும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, மீன் இழுக்கும்போதுதான் தெரியும்.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு கத்தரிக்கோல் தகராறு. சாதாரணக் கத்தரி பிரெய்டை வெட்டாது, மென்று துப்பும், முனை பஞ்சாகப் பிரிந்துவிடும். மனைவியின் எம்பிராய்டரி கத்தரி மட்டும் நறுக்கென்று வெட்டியது. அதனால் அது என் டேக்கிள் பெட்டிக்குக் குடிபெயர்ந்தது. ஒரு மாலை முழுக்க அவள் அதைத் தேடியிருக்கிறாள். பேரன் பெட்டியைத் திறந்து, "பாட்டி, இங்க இருக்கு, தாத்தா புழு டப்பாவுக்குப் பக்கத்துல" என்று காட்டிக்கொடுத்துவிட்டான். இப்போது பல் வைத்த விளிம்புள்ள பிரெய்டு கத்தரி ஒன்று வாங்கியாயிற்று. எம்பிராய்டரி கத்தரிக்குப் பெட்டிப் பக்கம் வரத் தடை.

கண் விஷயமும் உண்டு, எங்கள் வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். பன்முகக் கண்ணாடியில் கிட்டப் பார்வை கீழ்ப் பகுதியில் இருக்கும். முடிச்சு நெஞ்சு உயரத்தில் இருந்தால் தலையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டே பின்ன வேண்டும், கழுத்து போய்விடும். கிட்டப் பார்வைக்கென்று தனிக் கண்ணாடி ஒன்றைப் பெட்டியில் போட்டு வையுங்கள். ஹெட்லேம்பை நேராக அடித்தால் ஃப்ளூரோகார்பன் பளபளத்து கண்ணைக் கூசும். மடியில் ஒரு கருப்புத் துணி விரித்துக்கொண்டால் சுற்றுகள் பளிச்சென்று தெரிகின்றன. பிரெய்டை வெளிர் நிறத்தில் வாங்கச் சொல்வதும் அதனால்தான். பாசி நிறம் அழகாக இருக்கிறது என்று வாங்கிவிட்டு, அந்தி நேரத்தில் தன் நூலைத் தானே தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மீன் பார்க்கப்போவது லீடரைத்தானே, அதன் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானைவிட நெருக்கம், அதனால் தண்ணீருக்குள் நைலான் அளவுக்குத் தெரியாது. பிரெய்டு எந்த நிறமாக இருந்தால் என்ன.

வாங்குவதைப் பற்றிச் சொன்னால் கோபம்தான் வருகிறது. இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒரு பிரெய்டு சுருளில் 20 பவுண்டு என்று போட்டிருந்தது, தடிமன் பார்த்தால் என்னிடம் இருக்கும் 30 பவுண்டைவிடக் கூடுதல். தடித்த நூலுக்குச் சின்ன எண்ணை ஒட்டி, 'பாருங்கள் எங்கள் 20 பவுண்டு எவ்வளவு தாங்குகிறது' என்று விளம்பரம் வேறு. பவுண்டை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். பிரெய்டும் லீடரும் கிட்டத்தட்ட ஒரே தடிமனில் இருந்தால் எஃப்ஜி கடிக்கவே கடிக்காது, அங்கே டபுள் யூனிதான் கதி. பிரெய்டு நாலு இழையில் பின்னியதா எட்டு இழையில் பின்னியதா என்பதில் ஆளாளுக்கு ஒரு கட்சி. எட்டு இழை வழவழப்பாக வளையத்தில் ஓடும், சத்தமே இருக்காது. என் கைக்கு நாலு இழையின் சொரசொரப்பு லீடரை சீக்கிரம் பிடிக்கிறது.

முடிச்சைச் சோதிக்க மகள் வாங்கித் தந்த பயணப் பெட்டித் தராசு பிரமாதமாக உதவுகிறது. கொக்கியில் லீடரை மாட்டி, மெல்ல இழுத்து, எந்தக் கிலோவில் நழுவுகிறது என்று திரையில் பார்க்கலாம். டிராக் வைப்பதற்கும் அதுதான். 20 பவுண்டு என்பது 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அதில் கால் பங்கு என்று 2 முதல் 2.5 கிலோவுக்குள் வைக்கிறேன். தொலைபேசியில் இதை மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

கெளுத்தியைத் தண்ணீரிலேயே வைத்து விட்டுவிட்டோம். முதுகுத் துடுப்பிலும் இரண்டு மார்புத் துடுப்பிலும் முள் விறைத்து நிற்கும், கை வைக்கும் இடம் பார்த்து வைக்க வேண்டும். தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கி வைத்திருப்பதால் ஒரு திருப்பில் கழன்றது. படம் எடுக்கவில்லையா என்று பேரனுக்கு ஆதங்கம். அவன் பாட்டி இரண்டு கையையும் விரித்துக் காட்டிய நீளத்தை நான் திருத்தவில்லை.

டென்ட் பற்றி இப்போதைக்கு இவ்வளவுதான்: தண்ணீர் ஓரம் போட்டால் விடியும்போது உள்கூரை முழுக்க வியர்த்திருக்கிறது. தையல் ஒழுகுகிறது என்று நினைத்து பசை வாங்கப் போகாதீர்கள், பாதி நம் மூச்சுக்காற்றுதான். கொஞ்சம் மேடான இடம் பார்த்து, மேல் துவாரங்களைத் திறந்தே வைத்தபோது பெருமளவு குறைந்தது. குளிருகிறது என்று மனைவி அவற்றை மூடுவாள், நான் எழுந்து திறப்பேன், இரவு முழுக்க இதே வேலை. குளிர் கீழேயிருந்து வருகிறது என்று நான் சொல்லிச் சொல்லி, மடக்குக் கட்டிலின் மேலும் ஒரு ஃபோம் விரிப்பு போட்ட பிறகு அந்தச் சண்டை பாதியாகக் குறைந்தது. கட்டில் கால்கள் டென்ட் தரையைக் கிழிக்காமல் இருக்க அடியில் என்ன வைப்பது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய ரப்பர் மிதியடியை வட்டமாக வெட்டலாம் என்று ஒரு யோசனை.

அடுத்து மனைவியின் ரீல். எட்டு இழைதான் வேண்டும் என்று அவளே தேர்ந்தெடுத்து வாங்கிவிட்டாள். பிரெய்டை நேராக ஸ்பூலில் சுற்றினால் மொத்தமும் வழுக்கிச் சுழலும், அடியில் கொஞ்சம் மோனோ (ஒற்றை இழை நைலான் நூல்) சுற்ற வேண்டும், அது பாதியில் நிற்கிறது. எட்டு இழையில் அவள் பின்னல் எப்படிக் கடிக்கிறது என்று இழுத்துப் பார்க்கத் தராசு வேண்டும். மகள் ஊருக்குப் போவதற்குப் பெட்டி எடை பார்க்க என்று அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள், எப்போது தருவாய் என்று கேட்டால் பதிலே இல்லை.