படத்தில் ஏறும் மதிப்பெண்

2021 ஏப்ரல், மே மாதங்களில் கடலூரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். கொரோனா இரண்டாம் அலை. "மாமாவுக்கு 25க்கு 18ஆம்" என்று, நுரையீரலில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது எனக் காட்டும் சி.டி. ஸ்கேன் மதிப்பெண்ணைத்தான் ஊரே போனில் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் ஆக்சிஜன் மாஸ்க்கோடு மூச்சு வாங்கிக் கிடப்பவரை சி.டி. அறைவரை கொண்டுபோவது லேசான காரியம் இல்லை. அவர்களுக்கு எங்கள் போர்ட்டபிள் மெஷின்தான். கவச உடையைப் போட்டுக்கொண்டு, எக்ஸ்ரே பிளேட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போவோம்.

எங்கள் டாக்டர் அந்தப் படங்களுக்கு பிரிக்சியா முறையில் மதிப்பெண் போடுவார். இத்தாலியின் பிரெசியா நகர மருத்துவர்கள் 2020இல் கொண்டுவந்த முறை அது. ஒவ்வொரு நுரையீரலையும் மேல், நடு, கீழ் என்று பிரித்தால் மொத்தம் ஆறு பகுதி. தெளிவாக இருந்தால் 0, மெல்லிய வலைக்கோடுகள் மட்டும் தெரிந்தால் 1, அதோடு வெள்ளைத் திட்டும் சேர்ந்தால் 2, வெள்ளையே மேலோங்கினால் 3. ஆறுக்கும் சேர்த்து அதிகபட்சம் 18; ஏற ஏற நோய் அதிகம். கொரோனா பெரும்பாலும் இரண்டு பக்கமும், கீழ்ப்பகுதியிலும் ஓரங்களிலும் பிடிக்கும் என்பதால் அந்த இடங்களில்தான் முதலில் கண் போகும்.

இதில் எங்கள் கைக்கு எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பது அந்த மாதங்களில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. நோயாளி மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து படத்தில் கருப்பாக விழும். பாதியில் விட்டுவிட்டால் அடிப்பகுதி சுருங்கி வெள்ளையாகத் தெரியும். படுக்க வைத்து எடுத்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். போர்ட்டபிளில் பிளேட் முதுகுப் பக்கம், கதிர் முன்பக்கம். இதயம் பிளேட்டை விட்டுத் தள்ளியிருப்பதால் பெரிதாக விழுந்து இடது கீழ்ப்பகுதியை மறைக்கும். நோய் அப்படியே இருக்க, மதிப்பெண் மட்டும் ஏறிவிடும்.

தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர். அவருக்கு முதல் படத்தில் 9. மறுநாள் 13. ஐ.சி.யூ.வுக்கு மாற்றலாமா என்று பேச்சு வந்தது. ஆனால் ஆக்சிஜன் முந்தின நாள் வைத்த அதே அளவு, ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவும் 94 சதவீதத்துக்குக் குறையவில்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதைப் படுக்க வச்சா எடுத்தாங்க?"

"ஆமா சார், ராத்திரி ஷிஃப்ட்ல."

"ஒரு தடவை உட்கார வச்சு எடுத்துடுங்க."

சிஸ்டரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை நிமிர்த்தினோம். முதுகுக்குப் பின்னால் தலையணை, அதற்கு முன்னால் பிளேட். "மூச்சை இழுங்க" என்றாலே இருமல் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் விட்டுப் பிடித்தேன். அப்புறம், "ஐயா, கடல்ல முங்குறதுக்கு முன்னாடி இழுப்பீங்களே, அந்த மாதிரி மெதுவா இழுங்க" என்றேன். மனுஷருக்கு உடனே புரிந்தது. நெஞ்சுக்கூடு ஏறி நின்ற அந்த நொடியில் பட்டனை அழுத்தினேன். மதிப்பெண் 10. அவர் வார்டிலேயே இருந்து குணமாகி வீட்டுக்குப் போனார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. முதல் சில நாட்களில் சிலருக்குப் படம் சுத்தமாக இருக்கும், விரலில் மாட்டும் கருவியோ 90க்குக் கீழே காட்டும். குணமானவர்களுக்கு வெள்ளைத் திட்டு வாரக்கணக்கில் மறையாமலும் இருக்கும். பழைய காசநோய்த் தழும்பு உள்ளவர்களுக்கு மேல்பகுதி சும்மாவே மதிப்பெண் வாங்கிவிடும். வீட்டுப் பரணில் பத்திரமாக வைத்திருந்த பழைய படத்தை மகன் கொண்டுவந்து காட்டியதால் ஒரு அம்மாவின் கணக்கு சரியானது. அதனால் படத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

அப்போதிலிருந்து, படத்தின் ஓரத்தில் நேரம், உட்கார்ந்தா படுத்தா, எத்தனை லிட்டர் ஆக்சிஜன் என்று குறிக்க ஆரம்பித்தோம். இப்போது ஃப்ளூ காய்ச்சலில் நெஞ்சடைத்து வருபவர்களுக்கும் அதைத்தான் செய்கிறேன். வேறு இடங்களிலிருந்து வரும் படங்கள் பலவற்றில் முன்பக்கமிருந்து கதிர் பாய்ச்சி எடுத்தது என்று சொல்லும் 'ஏ.பி.' என்ற இரண்டெழுத்துகூட இருப்பதில்லை. பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எழுத அரை நிமிடம் ஆகாது. புதிதாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: பட்டனில் கை வைத்தபின் கண் மெஷினில் இருக்கக் கூடாது, நோயாளியின் நெஞ்சில் இருக்க வேண்டும்.